ஈயம் பூசிய கிடாரம்

எங்கள் கிடாரம் புதிதாகப் பளபளத்த அந்த மாதப் பூசையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஊரே கூடிச் சாப்பிடுமளவுக்குச் சமைக்கக்கூடிய பெரிய பித்தளைப் பாத்திரம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் ஒரு குடும்பம் கொண்டுவந்து, மெல்போர்ன் தமிழர்களின் பொதுச் சொத்தாக விட்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்களுக்கு இங்கே கோயில் கிடையாது. நோபல் பார்க்கில் ஒரு சாரணர் மண்டபத்தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கு எடுத்து, மேசையில் சாமிப்படங்களை வைத்துப் பூசை செய்து, தேவாரம் பாடி, யாராவது ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டு, பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். உண்மையைச் சொன்னால் பலர் வந்தது அந்தக் கடைசிக் காரியத்துக்குத்தான். நானும் அதில் சேர்த்தி.

பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சுத் தேய்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஊரில் அதற்கென்று ஆட்கள் வீடு தேடி வருவார்கள். மெல்போர்னில் யார் வருவார்? கிடாரத்தின் அடியில் களிம்பு காணத் தொடங்கியதும் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்போதுதான் எங்கள் பொறியியலாளர் அண்ணை முன்வந்தார். யாருடைய கார் நடுத்தெருவில் நின்றாலும், யாருடைய தொலைக்காட்சிப் பெட்டி கண்ணை மூடினாலும் நாங்கள் கூப்பிடும் மனிதர் அவர். ஒரு சதமும் வாங்கமாட்டார், தேத்தண்ணி மட்டும் குடிப்பார். ஊரில் ஈயம் பூசுகிறவனைச் சிறுவயதில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவராம். தன் வீட்டுக் கராஜில் கிடாரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகைக்குள் நின்று, பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பூசிவிட்டார். உள்ளே முகம் பார்க்கலாம் போலிருந்தது. அதைப் பார்த்த பெண்களெல்லாம் தங்கள் வீட்டுப் பானை சட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவருடைய கராஜுக்குப் படையெடுத்தார்கள்.

அந்த மாலை, பந்திக்கு முன்னால், நான் கிடாரத்தை எட்டிப் பார்த்தேன். ரசம் கொதித்து ஓய்ந்திருந்தது. விளிம்பின் உட்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். வெள்ளைத் துணியில் பென்சிலால் கீறியது மாதிரிக் கறுப்பாகக் கோடு விழுந்தது. நல்ல வெள்ளீயம் அப்படிக் கறுக்காது, காரீயம் கறுக்கும். எனக்குப் பசி போய்விட்டது.

இதை நான் கண்டுபிடித்ததில் பெருமை ஒன்றுமில்லை. காரீயம்தான் எனக்குச் சோறு போட்டது. அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் இரசாயனப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தேன். நகரத்துக்குள் இருந்த பழைய மரவீடுகளில் பெயின்ற் உரிந்து விழும். தவழும் பிள்ளைகள் அதைப் பொறுக்கி வாயில் வைப்பார்கள். அந்தப் பெயின்றில் காரீயம் இருந்தது. உடம்புக்குள் போனால் அது சுலபத்தில் வெளியே வராது. வயிற்றுக்குத்து வரும், இரத்தம் குறைந்து உடம்பு வெளிறும், பிறகு மூளையில் கை வைக்கும். உரிந்த துண்டுகள் எங்களுக்கு உறைகளில் வந்து சேரும். நான் அவற்றை அமிலத்தில் கரைத்து, சுடரில் தெளித்து, கருவியின் முள் எவ்வளவு ஏறுகிறதென்று பார்ப்பேன்.

அளந்தால் மட்டும் போதாது, சனங்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர், தங்கமான மனிதர், மேடையில் ஏறினால் மட்டும் மரக்கட்டை. இரண்டு பேரும் பள்ளிக்கூட மண்டபங்களுக்குப் போய்த் தாய்மாரிடம் பேசுவோம். போகும் வழியில் காரில் எனக்குப் பாடம் நடக்கும். சனங்களைப் பயமுறுத்தக் கூடாது, பயந்தால் காது அடைத்துவிடும் என்பார். திரும்பி வரும் வழியில், இன்னும் கொஞ்சம் பயமுறுத்தியிருக்கலாம், பின்வரிசையில் ஆட்கள் தூங்கிவிட்டார்கள் என்பார். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சரியான அளவு இருக்கிறதென்று அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. பத்திரிகைகளில் வந்தது, வானொலியில் பேசினார்கள், காரீயம் என்றால் பழைய பெயின்ற் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வெற்றியே எங்கள் கழுத்துக்குக் கத்தியாக வருமென்று அப்போது யாருக்குத் தெரியும்?

பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அண்ணையைத் தேடிப் போனேன். கோயில் வாசலில் வாழைக்குலை கட்டிய பெருமையோடு கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, பூசினதுக்கு என்ன ஈயம் பாவிச்சனீங்கள்?"

"ஏன் தங்கச்சி, வடிவா வரேல்லையோ?"

"வடிவாத்தான் கிடக்கு. எங்கை வாங்கினனீங்கள்?"

"ஹாட்வெயார் கடையிலைதான். பைப் ஒட்டுற கட்டி. நல்லா உருகுது, நல்லாப் பிடிக்குது. ஊரிலை அவங்கள் பூசினதைவிட இது நிண்டு பிடிக்கும், பாருங்கோ."

பைப் ஒட்டும் கட்டியில் ஏறக்குறையப் பாதி வெள்ளீயம், மற்றப் பாதி காரீயம். நான் அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"இருக்கட்டுமன். இஞ்சை ஒவ்வொரு வீட்டிலையும் தண்ணிப் பைப் அதாலைதான் ஒட்டிக் கிடக்கு. முழு மெல்போர்னும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்குது? ஆரும் செத்தவையோ?"

நல்ல கேள்வி. எங்கள் பள்ளிக்கூட மண்டபங்களில்கூட ஒருவரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. குளிர்ந்த தண்ணீர் வேறு, கொதிக்கும் புளி வேறு, புளிப்பு காரீயத்தைக் கரைத்து எடுத்துவிடும் என்று விளக்கினேன். அவர் என் தோளுக்கு மேலால் பந்தியைப் பார்த்தபடி கேட்டார்.

"லாப்பிலை இருந்து இருந்து உங்களுக்கு எல்லாமே நஞ்சாத் தெரியுது," என்று சிரித்துவிட்டு, வடை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய மனைவி சுவரோரம் கதிரையில் இருந்தா. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மடியில் அவர்களுடைய மகள், மூன்று வயதிருக்கும். முன்பெல்லாம் மண்டபம் முழுக்க ஓடி, எல்லாருடனும் வாயாடி, பூசை நேரத்தில் ஐயரையே கேள்வி கேட்கிற பிள்ளை. அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். உதடு வெளிறிப் போயிருந்தது. யாரோ கண்ணூறு நாவூறு பட்டிருக்கிறதென்றும், யாரோ இந்த ஊர்க் குளிர் பிடிக்கவில்லையென்றும் சொன்னார்கள். அக்கா ரசச்சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினா. "வேறை ஒண்டும் தின்னுறாளில்லை, இது ஒண்டுதான் இறங்குது," என்றா.

அளந்து உறுதிசெய்யாமல் சபைக்கு முன்னால் சொல்ல எனக்குத் துணிவில்லை. மிஞ்சிய ரசத்தை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த வேலைநாளில் அதை அளந்தபோது முள் விறுவிறுவென்று ஏறி, அளவுகோலின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. என் கண்ணாடிக் குவளைதான் அழுக்கு என்று நினைத்து, புதிதாகக் கழுவி, திரும்ப அளந்தேன். திரும்பவும் முட்டியது. உரிந்த பெயின்றைக் கரைத்து அளந்தபோதுகூட முள் இந்த ஆட்டம் ஆடி நான் கண்டது அபூர்வம்.

அன்றிரவே சங்கத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தமிழ்நாட்டுக்காரர், கணக்காளர், யாரையும் நோகடிக்காதவர் என்ற ஒரே தகுதிக்காக ஆண்டுதோறும் தலைவராகத் தெரிவாகிறவர்.

"நீங்க சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம்மா," என்றார். "ஆனா தனித்தனியா சொன்னா கோள் சொல்ற மாதிரி ஆயிடும். சபையில சொல்லணும். அடுத்த மாசம் சொற்பொழிவுக்கு ஆள் கிடைக்கல. நீங்களே பேசிடுங்களேன்."

"அதுவரைக்கும் அவையின்ரை வீடுகளிலை அந்தப் பாத்திரங்களிலைதானே சமையல் நடக்கும்?"

"ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போகுது?"

என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். ஆகவே வீடு வீடாகத் தொலைபேசியிலும் சொன்னேன். எல்லாரும் "ஓம் ஓம்" என்று ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் "ஓம்" என்று சொல்லும் வேகத்திலேயே தெரிந்துவிடும், விஷயம் காதோடு நின்றுவிட்டது என்று. அக்காவுக்கும் சொன்னேன். "அந்த மனுசன் வேலையாலை வந்து சாப்பிடாமல் கொள்ளாமல் நிண்டு பூசினது. நான் அதை ஒதுக்கி வைச்சுப்போட்டு வேறை சட்டி தூக்கினா என்ன நினைக்கும்?" என்றா. என் கணவரும் தன் பங்குக்கு, "இஞ்சை விரல்விட்டு எண்ணக்கூடிய சனம் இருக்கு. அதையும் பகைச்சா ஆரோட கதைக்கிறது?" என்று என் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றினார்.

சொற்பொழிவு நாள் வந்தது. பெரிய பாத்திரம் வேறு இல்லை என்று சமையலும் அதே கிடாரத்திலேயே நடந்திருந்தது. நான் மேலதிகாரியிடம் ஸ்லைட் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பயமுறுத்தலாமா கூடாதா என்ற அவருடைய பாடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அண்ணையின் பெயரை இழுக்காமல், ஆனால் எதையும் மூடாமல், நல்ல தமிழில் பேசினேன். காரீயம் என்ன, அது பிள்ளைகளை என்ன செய்யும், பைப் ஒட்டும் கட்டியில் அது எவ்வளவு இருக்கிறது, புளி அதை எப்படி இழுத்தெடுக்கிறது என்று படத்தோடு காட்டினேன். கடைசியில், "இந்த மண்டபத்துக் குசினியில் இப்போது இருக்கும் ரசத்தைத் தயவுசெய்து யாரும் குடிக்க வேண்டாம். வீட்டில் புதிதாக ஈயம் பூசிய பாத்திரங்களைக் கொண்டுவந்து என்னிடம் தாருங்கள்," என்று கைகூப்பிக் கேட்டேன்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

எங்கள் சனம் சொற்பொழிவு கேட்பதில் மன்னாதி மன்னர்கள். எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும், எந்த இடத்தில் "அடடா" சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லப்பட்ட பொருள் அவர்களுக்குப் பெரிதில்லை, சொன்ன விதம்தான் பெரிது. இறைவனை அடையும் வழி பற்றிப் பேசினால் கேட்டுவிட்டு அடைவதற்கு யாரும் புறப்படுவதில்லையே. அதே மாதிரித்தான் என் பேச்சையும் கேட்டார்கள். தலைவர் நன்றியுரை சொன்னார்.

"ஒரு விஞ்ஞானி இவ்வளவு அழகான தமிழ்ல பேசி நான் கேட்டதே இல்ல. நம்ம சங்கத்துக்கே பெருமை. சரி, ரசம் ஆறிடப் போகுது, எல்லாரும் சாப்பிட வாங்க!"

சிரிப்பும் சேலைச் சரசரப்புமாக எல்லாரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடிப்போய்க் கிடாரத்தின் முன்னால் நின்றேன். "அன்ரி, இப்பதானே சொன்னனான், இதைக் குடிக்க வேண்டாம்," என்றேன். அகப்பை பிடித்திருந்த அன்ரி என் கன்னத்தைத் தட்டினா.

"நல்லாப் பேசினீர் பிள்ளை. சேலையும் நல்ல வடிவு. இப்ப கொஞ்சம் விலகும், சனம் நிக்குது."

இரண்டு ஆண்கள் பிடித்தால்தான் நகரும் கிடாரத்தை நான் எப்படிக் கவிழ்ப்பது? கத்தினேன். நானே கேட்காத ஒரு குரலில் கத்தினேன். ஒரு கணம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ எனக்குக் களைப்பு என்று சொல்லி, கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, சோடா கொடுத்தார்கள். வரிசை நகர்ந்தது. அண்ணை மட்டும் வரிசையில் நிற்கவில்லை. மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேரே வந்தார்.

"நான் என்ர சனத்துக்கு நஞ்சு வைச்சனான் எண்டு இத்தனை பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டீங்கள், என்ன?"

"உங்கட பேர் சொல்லேல்லை அண்ணை."

"சொல்லத் தேவையில்லையே," என்றார். சொல்லிவிட்டு, தானே ஒரு கிண்ணம் ரசத்தை வாங்கி, என் கண்முன்னால் மடமடவென்று குடித்தார். மகளுக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. குளிர்காலம் வந்தது. ஒருநாள் பகல், நான் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, அக்கா பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினா. கணவருக்குத் தெரியாமல் வந்திருந்தா. பிள்ளை தோளில் துணி மாதிரிக் கிடந்தாள்.

"இரவிரவா வயித்துக்குத்திலை கத்துறாள் தங்கச்சி. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறாள். முந்திச் சொன்ன சொல்லு ஒண்டும் இப்ப சொல்லுறாளில்லை. டொக்டரிட்டை நீங்கள் சொன்னதையும் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"உங்கட வீடு பழைய வீடோ எண்டு கேட்டார். புதுச் செங்கல் வீடு எண்டன். சுவரிலை பெயின்ற் உரிஞ்சு கிடக்கோ எண்டார். இல்லை எண்டன். அப்ப அது காரீயமா இருக்க ஏலாது எண்டுபோட்டு, இரும்புச்சத்து மருந்து எழுதித் தந்தவர்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பழைய பெயின்ற், பழைய பெயின்ற் என்று மண்டபம் மண்டபமாகப் போய் நாங்கள் ஓதியது அந்த வைத்தியருக்கு அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. அவரைப் பொறுத்தவரை, சுவர்ப் பெயின்றில் காரீயம் இல்லையென்றால் அது வீட்டிலேயே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். தகப்பன் சம்மதிக்கமாட்டார், பார்த்தால் தான் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறார் என்றா அக்கா. அவவுடைய கண்ணைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் அந்த மனிதருக்கு விஞ்ஞானம் பேசிப் பலனில்லை என்று தீர்மானித்தேன். மறுநாள் அவருடைய வேலைத்தலத்துக்கே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கோவத்தை வையுங்கோ ஒரு பக்கம். எங்கட கருவி பிழையாக் காட்டுது போலக் கிடக்கு. இஞ்சை இருக்கிறவைக்கு விளங்குதில்லை. சனிக்கிழமை ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

பழுதான கருவி என்றால் அந்த மனிதரால் வீட்டில் இருக்க முடியாது. எனக்கு அது தெரியும். சனிக்கிழமை, குறடும் திருப்புளியும் நிறைந்த ஆயுதப்பெட்டியும் கையுமாக வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. ஆய்வுகூடத்தில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. கருவியின் மூடியைக் கழற்றி, வயர்களைப் பார்த்து, சுடரைக் கூட்டிக் குறைத்து, அரை நாளைப் போக்கினார். அவர் பிழை தேடுகிறார் என்பதும், கிடைக்க வேண்டுமென்று உள்ளுக்குள் கும்பிடுகிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. பிழை இருக்கவில்லை. பிறகு நான் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன், பைப் ஒட்டிய தண்ணீர்தான், அவரே சுடரில் தெளித்தார். முள் கிடந்த இடத்தில் கிடந்தது. அவர் முகம் தெளிந்தது.

அவர் பூசிய சட்டியில் அக்கா முதல்நாள் வைத்து, எனக்கு இரகசியமாகத் தந்த ரசம் ஒரு போத்தலில் இருந்தது. அதை நீட்டினேன். முள் ஏறிப்போய் முட்டியது.

"இன்னொருக்கா," என்றார்.

முட்டியது.

"தண்ணி தாங்கோ." தண்ணீருக்கு முள் இறங்கியது. "இப்ப அது." ஏறியது. இப்படி மாற்றி மாற்றி, போத்தல் தீரும்வரை தெளித்தார். கடைசியில் ஸ்டூலில் இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கருவியைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிற சட்டிதான் நான் முதல் முதல் பூசினது. பழகிப் பாக்க. அது கொஞ்சம் தடிப்பாப் பட்டுப்போச்சு."

அன்றே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்ல பெண் வைத்தியர் ஒருவர் நான் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். இரத்தத்தில் காரீயம் நிரம்பிக் கிடந்தது. ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். அந்தச் சின்ன உடம்பில் இடமில்லாமல் தொடை இரண்டும் நீலம் பாரித்தது. அக்கா கட்டிலைவிட்டு நகரவில்லை, கணவருடன் ஒரு சொல் பேசவுமில்லை. ஒருநாள் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து, "முந்தி மாதிரி வருவாளோ?" என்று கேட்டா. வைத்தியர்களிடம் கேட்டால் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அவ என் கையை விட்டுவிட்டு உள்ளே போனா. என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அதைப்போலக் கசந்தது வேறில்லை.

அண்ணை மற்றப் பாத்திரங்களைத் தேடத் தொடங்கினார். கிடாரத்தை அவரே கோடரியால் பிளந்து போட்டார். வீடுகளுக்கு நானும் கூடப் போனேன், தனியே போக அவருக்குக் கால் வரவில்லை. முதலில் சிலர் கொடுத்தார்கள். பலர், எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றார்கள். சிட்னிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், அங்கே பரமட்டாப் பக்கம் யாருக்கோ தங்கள் பானையைக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னது. யாருக்கென்று ஞாபகமில்லையாம். அந்தப் பானை கிடைக்கவேயில்லை.

பிள்ளை வீடு திரும்பியதும் அவர் அவளையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையைக் காட்சிக்கு வைக்காதேங்கோ என்று சொன்னேன்.

"உங்கட ஸ்லைட்டைப் பாத்து ஆர் தங்கச்சி பானையைத் தந்தது?" என்று கேட்டார். அதன்பிறகும் நான் அவருடன் கூடப் போனேன்.

கடைசியாக மிஞ்சியது அன்று மண்டபத்தில் அகப்பை பிடித்திருந்த அன்ரியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். கதவைத் திறந்த அன்ரி பிள்ளையைக் கண்டதும் அள்ளி எடுத்தா. ஊசிமருந்துக்குப் பிறகு பிள்ளையின் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது, கன்னம் கொழுத்திருந்தது. தகப்பன் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தார். அண்ணை பானையைக் கேட்டார், காரணத்தைச் சொன்னார். அன்ரிக்கு அவர் சொன்னது விளங்கிய மாதிரித் தெரியவில்லை.

"என்ன தம்பி கதைக்கிறீர்? பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள்! முந்தியைவிட வடிவா இருக்கிறாள். முந்தி வாய் ஓயாது. இப்ப பாரும், எவ்வளவு அடக்கம், எவ்வளவு அமைதி. இருங்கோ, சாப்பிடாமல் போகக் கூடாது."

பிள்ளையை இறக்கிவிட்டுக் குசினிக்குள் போனா. பிள்ளை என் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அன்ரி சின்னக் கிண்ணத்தில் ரசச்சோறு பிசைந்துகொண்டு வந்து, முட்டுக்காலில் குந்தி, முதல் வாயை ஊட்டக் கையை நீட்டினா. பிள்ளை ஆவலாக வாயைத் திறந்தாள்.

அண்ணை பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது சுவரில் பட்டு உடைந்தது. சோறு கம்பளமெங்கும் சிதறியது. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அடக்கமில்லை அன்ரி! அவளுக்குச் சொல்லு வருகுதில்லை! நான் பூசின சட்டி அவளின்ரை சொல்லைத் திண்டுபோட்டுது!"

அன்ரி ஆடிப்போனா. முட்டுக்காலில் குந்தியபடியே, கையில் ஒட்டிய சோற்றோடு, பிள்ளையின் முகத்தை அப்போதுதான் உண்மையில் பார்த்தா. கண்ணுக்குள் பார்த்தா.

"பிள்ளை," என்று மெல்லக் கேட்டா, "அன்ரிக்கு ஒரு கதை சொல்லுங்கோ பாப்பம். என்னம்மா? ஏதாவது சொல்லுங்கோ."

பிள்ளை அவவைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.